நேற்றைய விடை: அத்தை

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் ஆறு கட்டில்கள். ஜன்னலை ஒட்டிய நாலாவது கட்டில் என்னுடையது. திங்கள், புதன், வெள்ளி மட்டும்தான் என்னுடையது. செவ்வாய், வியாழன், சனியில் அதே கட்டிலில் வேறொருவர் படுப்பார். ஒரு முறை படுத்தால் நாலு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி குத்துவார்கள். ஒரு குழாய் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், சுத்தமாகி இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். அந்தக் கையை மட்டும் அசைக்கக் கூடாது. அசைத்தால் மெஷின் கத்தி ஊரைக் கூட்டிவிடும்.

நான் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். ஓடும் வண்டியில் நின்று பழகிய கால், ஓயாமல் கத்திப் பழகிய வாய். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய்க் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? எனக்குச் சாதாரணமாகவே கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். அங்கே போன முதல் மாதம் நான் திட்டாத ஆள் இல்லை. மெஷினைத் திட்டினேன், போர்வையைத் திட்டினேன், மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக்கூட விட்டுவைக்கவில்லை.

அந்த ஆறு மெஷின்களையும் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் ஒரு அம்மாள். நாற்பத்து மூன்று வயது, குட்டையான உருவம், நடை மட்டும் ரயிலைப் பிடிக்கப் போகிற நடை. ஊசி குத்தினால் குத்தியதே தெரியாது. எடை மெஷினில் ஏறி நின்றால் நம் முகத்தைப் பார்த்தே, "நேத்து யார் வீட்டு விசேஷம்? மூணு டம்ளர் அதிகமா போயிருக்கே?" என்று கேட்பாள். எங்களுக்குத் தண்ணீர் அளவு அப்படி. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தொண்டையில் இறங்கக் கூடாது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். பழைய படிவத்தின் பின்பக்கத்தில், கண் மங்கியவர்களுக்கும் தெரியும்படி நீல மார்க்கரில் குண்டுகுண்டாக எழுதியிருந்தாள். நாலு பகுதி: தெரிந்துகொள்ளுங்கள், மண்டையைக் குடையுங்கள், சிரியுங்கள், நான் நினைத்தது. வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றில் இருக்கிறது என்று முதல் பகுதியில் போட்டிருந்தது. 'இன்று பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது, அந்தப் பெருமை இன்னும் இறங்கவில்லை' என்று கடைசிப் பகுதியில். நடுவில் இருந்ததுதான் வினை. மூன்று லிட்டர் குடம் ஒன்று, ஐந்து லிட்டர் குடம் ஒன்று, இரண்டையும் வைத்துச் சரியாக நாலு லிட்டர் தண்ணீர் அளப்பது எப்படி?

எனக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, நாங்க ஒவ்வொருத்தரும் ஐஸ் கட்டியை வாயில வச்சுக்கிட்டு நாளை ஓட்டுறோம். எங்ககிட்ட வந்து அஞ்சு லிட்டர் குடத்தைக் காட்டுறியே, இது உனக்கே நல்லாயிருக்கா?" என்று கத்தினேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டாம் கட்டிலில் இருந்த பெரியவர், "அந்த நாலு லிட்டரை என்ன பண்றதா உத்தேசம்?" என்று மெல்லக் கேட்டார். அவ்வளவுதான், ஐந்து கட்டிலும் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. இரண்டு மெஷின் கத்தியது. நான் மட்டும் சிரிக்கவில்லை. நான் நிஜமாகவே கோபமாக இருந்தேன்.

அவள் மெஷின்களை அமர்த்திவிட்டு என்னிடம் வந்தாள். "தப்புதான் கண்டக்டர் சார். இனிமே தாள்ல தண்ணி வராது. ஆனா ஒண்ணு, உங்களை ஒரு நாள் சிரிக்க வைக்காம விடமாட்டேன்."

"அது உன்னால முடியாது" என்றேன். சொன்னதற்காகவே அதைக் காப்பாற்றவும் முடிவு செய்தேன்.

அவளுடைய ஜோக்குகளைப் பார்த்தால், காப்பாற்றுவது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. 'டாக்டர்: தினமும் நடக்கணும். நோயாளி: எதுவரைக்கும் டாக்டர்? டாக்டர்: இப்போதைக்குக் கதவு வரைக்கும்.' இதற்கு யார் சிரிப்பார்கள்? மூன்றாம் கட்டில் சிரித்தது. அது எதற்கும் சிரிக்கும்.

குடத்தைவிடப் பெரிய தப்பு அடுத்த வாரம் நடந்தது. 'ஒரு வீட்டில் ஆறு அண்ணன் தம்பிகள். ஒவ்வொருவனுக்கும் ஒரே ஒரு அக்கா. மொத்தம் எத்தனை பிள்ளைகள்? விடை நாளை' என்று திங்கட்கிழமை போட்டாள். நான் பன்னிரண்டு என்றேன். இரண்டாம் கட்டில் ஏழு என்றார். இரண்டு பேரும் நாலு மணி நேரம் மல்லுக்கட்டினோம். புதன்கிழமை விழுந்தடித்துக்கொண்டு வந்து பார்த்தால், தாளின் அடியில் 'நேற்றைய விடை: அத்தை' என்று எழுதியிருக்கிறது.

"எந்த அத்தை? யாரோட அத்தை? ஆறு அண்ணன் தம்பிக்கு நடுவுல அத்தை எங்கேர்ந்து வந்தா?" என்று நான் ஆரம்பித்ததும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். எங்கள் விடையை நேற்றுச் செவ்வாய்க்கிழமை ஆட்களுக்குப் போட்டிருக்கிறாள். அவர்கள் கேள்வி தெரியாமல் 'ஏழு' என்ற விடையை வைத்துக்கொண்டு முழித்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ஆட்களின் விடை எங்களுக்கு வந்துவிட்டது.

ஆறு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவளுக்கு, ஒரு நாள் வந்த ஆள் மறுநாள் வரமாட்டான் என்பது எப்படி மறந்தது? ஊசியைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள். இந்தத் தாள் முதலில் எங்களுக்காக எழுதப்பட்டதே இல்லை. அவள் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் இரவுக் காவல். அவர் காலையில் வீட்டுக்குள் நுழையும்போது இவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். "நானும் அவரும் ஒரே தலையணைக்கு ஷிஃப்ட் போட்டுத் தூங்குறோம் சார். பேச நேரமே கிடையாது. அதான் சாப்பாட்டு மேஜையில தினம் ஒரு தாள் எழுதி வைப்பேன். ஒரு விஷயம், ஒரு புதிர், ஒரு ஜோக்கு, அன்னைக்கு மனசுல ஓடுறது. விடை மறுநாள். அவர் தினம் வீட்டுக்கு வருவாரு, அதனால அங்க அது சரியா இருந்துச்சு." பன்னிரண்டு வருஷப் பழக்கம் கையை மீறிக்கொண்டு அப்படியே எழுதிவிட்டது.

அந்தத் தப்பை அவள் திருத்தவில்லை. இரண்டு தாளின் அடியிலும் கட்டிலுக்கு ஒன்றாக ஆறு கட்டம் போட்டு, 'விடை மட்டும் தெரிந்தவர்கள் கேள்வியை எழுதவும்' என்று சேர்த்துவிட்டாள். பழைய தாள்களையும் கிழிக்காமல் பக்கத்திலேயே விட்டாள். அப்படித்தான் வெள்ளிக்கிழமை போனபோது, செவ்வாய்க்கிழமைத் தாளில் நாலாம் கட்டத்தைப் பார்த்தேன். 'ஏழு' என்ற விடைக்கு, பளிச்சென்ற கையெழுத்தில் ஒரு கேள்வி: 'இந்தக் கட்டிலில் நேற்றுப் படுத்த மகானால் மெத்தையில் விழுந்திருக்கும் பள்ளம் எத்தனை அங்குலம்?'

சும்மா விடுவேனா? பேனாவை வாங்கி, எங்கள் தாளில் 'அத்தை' என்ற விடைக்கு என் கட்டத்தில் எழுதினேன்: 'அடுத்தவன் படுக்கையில் பள்ளம் அளந்துகொண்டு திரிபவள் யார்?'

அன்றிலிருந்து அவள் அத்தை, நான் ஏழங்குலம். ஏழு மாதம் எழுதிக்கொண்டோம். 'நிலா' என்ற விடைக்கு அவள், 'ஏழங்குலத்தாரின் தலையில் முடி போன இடத்தில் தெரிவது எது?' என்று எழுதினாள். 'ஒட்டகச்சிவிங்கி' என்ற விடைக்கு நான், 'அத்தை எதைப் போல அடுத்தவர் விஷயத்தில் கழுத்தை நீட்டுவாள்?' என்று எழுதினேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. டயாலிசிஸ் நாளை நான் எண்ணிக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

பிறகு அந்த வாரம் வந்தது. என்னை அழைத்துப்போய் அழைத்துவருவது என் மகள். துணிக்கடையில் வேலை. வாரத்தில் மூன்று நாள் காலை அவளுக்கு என்னோடு போய்விடும். வியாழக்கிழமை அவள் போனில் பேசியது என் காதில் விழுந்தது. புதுக் கிளைக்கு அவளை மேற்பார்வையாளராகப் போடுகிறார்கள், காலையில் கடை திறக்க அவள் இருக்க வேண்டும். "முடியாது சார். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் எழுந்திருக்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "இனிமே வரமாட்டேன், என்னை விட்டுடுங்க" என்றேன். மகள் கெஞ்சினாள், அழுதாள். டெக்னீஷியன் மூன்று தடவை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. ஒரு முறை தவறினால் உடம்பில் என்ன ஏறும், இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் படுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை காலெல்லாம் வீங்கி, மூச்சு லேசாக வாங்கியது. மறுபடி போன். மகள் அதை என் காதிலேயே வைத்துவிட்டாள்.

"ஏழங்குலமா? நான் அத்தை பேசறேன்" என்றது ஒரு கணீர்க்குரல். "உங்க கட்டில்லதான் படுத்திருக்கேன். நேத்துத் தாள்ல விடை 'வாசல்'னு போட்டிருக்கு. அஞ்சு பேர் எழுதியிருக்காங்க. நாலாம் கட்டம் காலி. என்னய்யா, போய்ச் சேர்ந்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எழுதறதுக்கு என்ன கேடு?"

முகம் தெரியாதவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. மகள் வேலையைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் மகள் நிற்பதையே மறந்துவிட்டேன்.

"உங்களை எவன் கண்டக்டர் ஆக்கினான்?" என்றாள் அத்தை. "அந்தப் பொண்ணு உங்களுக்காக வேலை உயர்வை விட்டுச்சு. நீங்களும் போயிட்டா அதுக்கு அதுவும் போச்சு, இதுவும் போச்சு. இது என்ன கணக்கு? இருங்க, அவங்ககிட்ட தர்றேன்."

டெக்னீஷியன் போனை வாங்கினாள். அவள் உபதேசம் எதுவும் செய்யவில்லை. "மதியம் அந்தக் கட்டிலுக்கு ஆள் கிடையாது சார். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், பன்னிரண்டு மணிக்கு வந்துடுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து உங்களை மதிய ஷிஃப்ட்டுக்கே மாத்திடறேன். வரும்போது நீங்களே பஸ்ல வந்துடலாம், தலை சுத்துறது டயாலிசிஸ் முடிஞ்சப்புறம்தானே. போகும்போது என்கூட வாங்க. உங்க ஸ்டாப்பைத் தாண்டித்தான் எனக்கு. பாப்பா கடையைத் திறக்கப் போகட்டும்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க எப்ப கேட்டீங்க? திட்டத்தானே செஞ்சீங்க."

மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "இதுக்காப்பா?" என்று அடித்தாள். வலிக்கத்தான் செய்தது.

பன்னிரண்டு மணிக்கு நாங்கள் போனபோது, நாலாம் கட்டில் பக்கத்தில் கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு மெலிந்த அம்மாள் நின்றிருந்தாள். தையல்காரியாம். தன் முறை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். மெத்தையில் நாடாவைப் பிடித்து அளந்தாள். "ரெண்டு அங்குலம்தான். இத்தனை நாளா அநியாயமா சொல்லிட்டேன்" என்றாள்.

எடை பார்த்து, ஊசி குத்தி, மெஷின் ஓட ஆரம்பித்தது. சுவரில் வெள்ளிக்கிழமைத் தாள். 'சிரியுங்கள்' என்ற இடத்தில், 'ஜோக் இருக்கிறது. சிரிக்கமாட்டேன் என்று சபதம் போட்டவர் வந்தால்தான் சொல்வேன்' என்று எழுதியிருந்தது. 'நான் நினைத்தது' பகுதியில் ஒரே வரி: 'நாலாம் கட்டிலுக்கு விரிப்பு போட்டு வைத்தேன். நாலு மணி நேரமும் அது கசங்கவே இல்லை.'

நான் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். கண் கலங்கியதை ஏன் மறைக்க வேண்டும், கலங்கியது.

"சொல்லும்மா உன் ஜோக்கை" என்றேன்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஒரு கண்டக்டர் செத்து மேல போனாரு. அங்க வாசல்ல நின்ன காவலாளி, 'உள்ள ஒரு இடமும் இல்ல'ன்னான். கண்டக்டர் தலையை உள்ள விட்டுப் பாத்துட்டு, 'யோவ், எல்லாரும் அப்படியே உள்ள நகரு, நடுவுல காலியாத்தானே கிடக்கு!'ன்னு ஒரு சத்தம் போட்டாரு. வெளிய நின்ன நாப்பது பேரும் உள்ள போயிட்டாங்க. காவலாளி அவர் கால்ல விழுந்துட்டான். 'ஐயா, நீங்க வந்தா எனக்கு இந்த வேலையே மிஞ்சாது. தயவு செஞ்சு கீழயே இருங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டான்."

முப்பது வருஷமாக நான் தினமும் கத்திய கத்தல் அது. முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அப்புறம் வயிறு குலுங்கியது, கை அசைந்தது, மெஷின் கத்த ஆரம்பித்தது. நான் நிறுத்தவே இல்லை. "கை, கை! கையை ஆட்டாதீங்க!" என்று ஓடிவந்த டெக்னீஷியனும் சிரித்துக்கொண்டேதான் பொத்தானை அழுத்தினாள். மகளும் அத்தையும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மூச்சு அடங்கியதும் வலது கையை நீட்டிப் பேனா கேட்டேன். அத்தை வெள்ளிக்கிழமைத் தாளைச் சுவரிலிருந்து கழற்றி ஒரு அட்டையில் வைத்துப் பிடித்தாள். 'விடை: வாசல்' என்பதற்கு நேராக, காலியாக இருந்த நாலாம் கட்டத்தில் எழுதினேன்:

'ஏழங்குலத்தை எதுவரைக்கும் போகவிட்டுத் திருப்பிக் கூட்டிவந்தார்கள்?'