வலது கால் சப்பாத்து

என் கணவரின் வேலைச் சப்பாத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். "ஏழு வருஷமா இதையேதான் போட்டுக்கிட்டு இருக்காரா? புதுசு வாங்கிக் குடுக்கக் கூடாதா லா?" என்று கேட்பவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள்தான். பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டு வாசற்படி ஏறும்போதே சப்பாத்தைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். உள்ளே வந்து நான் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே புத்தி சொல்வார்கள். புதுச் சப்பாத்தை நான் வாங்கிக்கொள்கிறேன், புதுக் காலை நீங்கள் வாங்கித் தாருங்கள் என்பேன். அதோடு பேச்சு மாறிவிடும்.

அவருக்குப் பத்து வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி மெல்லிய நைலான் நூலால் உள்ளங்காலைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். அவள் தொடாதபோதும் தலையாட்டுவார். யார் மனமும் நோகக்கூடாது அவருக்கு, ஒரு மிஸ்ஸியின் மனம்கூட. இதைப் பார்த்து எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் செருப்புக்குள் ஒரு சின்னக் கல் போனது. நாள் முழுக்க அதன்மேல் நடந்திருக்கிறார், தெரியவில்லை. வலது காலின் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். "இன்னொரு புண் வந்தால் விரலோடு நிற்கும் என்று நினைக்காதீர்கள்" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்ததும் அந்தக் காலை என் மடியில் தூக்கி வைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு விரல் இடுக்காகப் பார்ப்பேன். சோறு அதற்குப் பிறகுதான்.

அவர் அலோர் காஜா பக்கம் ஒரு பாமாயில் ஆலையில் ஃபிட்டர். தரை எப்போதும் எண்ணெயும் தண்ணீருமாக வழுக்கும். இரும்பு மூக்கு வைத்த சப்பாத்து இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். வருடத்துக்கு ஒரு ஜோடி அவர்களே தருவார்கள். அட்டைப் பெட்டியில் பளபளவென்று வரும். மரக்கட்டையில் செய்தது போல் விறைப்பாக இருக்கும். அடியை வெறும் பசையில் ஒட்டியிருப்பார்கள். அப்படி ஒரு ஜோடியைக் கட்டிலுக்கடியில் இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்து, ஒருநாள் எடுத்தேன். தேநீரில் ஊறிய பிஸ்கட்டைப் போல அடி பொலபொலவென்று கையோடு வந்துவிட்டது. அதைத்தான் புதுசு புதுசு என்கிறார்கள்.

பழைய ஜோடி அப்படி இல்லை. கெட்டித் தோல், சுற்றிலும் தையல் போட்டது. போட்டுப் போட்டு அவர் கால் எப்படியோ தோலும் அப்படியே ஆகிவிட்டது. சுண்டுவிரல் போன பிறகு அந்த இடத்தில் தோல் தானாகவே உள்வாங்கிக்கொண்டது. உள்ளே கையை விட்டால் அவர் பாதம் பதிந்த பள்ளத்தைத் தடவிப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் அந்தச் சப்பாத்து அவர் காலில் ஒரு கொப்புளம் போட்டதில்லை. அடி தேய்ந்தால் அடியை மாற்றினால் போதும். ஆலையில் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரும் அடியைத் திருப்பிப் பார்த்து, மூக்கைத் தட்டிப் பார்த்து, சரி என்று விட்டுவிடுவார்.

அடி மாற்றுவது பாச்சாங்கில், மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் ஒரு சீனரிடம். முதல் தடவை போனபோது என்னைப் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தார். தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்க நான் வாராவாரம் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தேன். எண்ணெய் என்றால் நமக்குத் தலையிலிருந்து கால்வரை அது ஒன்றுதானே. தோல் தொளதொளவென்று ஆகி, தையல் ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்திருந்தது. சப்பாத்தை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இது ராம்புட்டா? ராம்புட்டா?" என்று கேட்டார். தலைமுடியா இது என்று மலாயில் கேட்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பிறகு அவரே ஒரு டின் மெழுகு கொடுத்துச் சொல்லித் தந்தார். ஈரத்துணியால் துடை. தையலில் இருக்கும் மண்ணைப் பழைய பல் துலக்கியால் எடு. உள்ளே பேப்பர் திணித்து நிழலில் காய வை. அதற்கப்புறம் மெழுகைக் கொஞ்சமாக விரலால் தேய். வெயிலில் மட்டும் வைத்துவிடாதே.

போன வருடம் மூன்றாவது முறையாக அடி மாற்றக் கொடுத்தோம். தேய்ந்த அடியைத் தையல் அறுத்துப் பிரித்து, நொறுங்கிப்போன தக்கையைச் சுரண்டி எடுத்து, புதுத் தக்கை நிரப்பி, எண்ணெயில் வழுக்காத ரப்பர் அடியை ஒட்டி, மறுபடியும் சுற்றித் தைத்துத் தருவார். உட்பக்கம் கை வைக்க விடமாட்டேன். "அந்தப் பள்ளத்த மட்டும் தொடாதீங்க, தவுக்கே" என்று கடை முதலாளியிடம் மலாயில் மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் வருவேன். ஒரு சனிக்கிழமை காலையில் வாங்கி வந்தோம். மத்தியானம் உட்கார்ந்து மெழுகு தேய்த்து, வாசல் நிழலில் வைத்தேன். வீட்டுக்குள் வைத்திருக்கலாம். சாமி படம் இருக்கிற ஹாலில் தோல் சப்பாத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் பாசாரில் இருந்தபோது என் தம்பி போன் பண்ணினான். சொந்தமாக லாரி எடுத்திருந்தான். இரண்டு வருடமாக அதே பேச்சு அவனுக்கு.

"அக்கா, லாரி வந்தாச்சு! நாளைக்கு விடியக்காலம் கோயில்ல பூச. பழைய சப்பாத்து ஏதும் இருக்கா? பின்னால கட்டணும், இல்லாட்டி கண்ணு பட்டுடும்னு அம்மா சொல்லுது."

மீன்காரனிடம் பேரம் பேசிக்கொண்டே, "வாசல்ல பழைய சப்பாத்து கெடக்கும், எடுத்துக்கடா" என்றேன். நான் சொன்னது புல் வெட்டப் போட்டுக்கொள்ளும் என் கிழிந்த ரப்பர் சப்பாத்தை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இவர், புது அடி எப்படி இருக்கிறது என்று போட்டுப் பார்க்க வாசலுக்குப் போனார். இடது கால் சப்பாத்து மட்டும் இருந்தது. நாய் இழுத்துப் போயிருக்கும் என்று நினைத்துச் சாக்கடைவரை தேடினோம். என் ரப்பர் சப்பாத்து இரண்டும் அப்படியே கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தம்பி குவாந்தானுக்குப் பாரம் ஏற்றிக்கொண்டு பாதி வழி போய்விட்டான்.

"டேய், மாமா சப்பாத்தையா எடுத்த?"

"பழசுதானக்கா? ஒண்ணுதான எடுத்தேன், ரெண்டையுமா எடுத்தேன்?"

"அடிய திருப்பிப் பாத்தியாடா? நேத்துத்தான்டா மாத்துனோம்! எந்தப் பஸ்லயாவது போட்டு அனுப்பு இப்பவே!"

"பூச போட்டுக் கட்டுனது அக்கா. பாதி வழியில அவுத்தா ஆகாதுன்னு அம்மா சொல்லுது. புதன்கிழமை வந்துருவேன் லா."

அம்மா சொல்லுது, அம்மா சொல்லுது. லாரி ஓட்ட லைசென்ஸ் எடுத்தவனுக்குச் சொந்தமாக யோசிக்க யாரும் லைசென்ஸ் தரவில்லை போல. புதுசாகப் பெயின்ட் அடித்த இரும்புக்குக் கண் பட்டுவிடுமாம். அதற்கு என் வீட்டுக்காரர் காலில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டு, அவிழ்த்தால் ஆகாதாம்.

அந்த வாரம் ஆலையை நிறுத்திவிட்டு இயந்திரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வாரம். ஃபிட்டர் ஒருவர்கூட லீவு எடுக்கக் கூடாது. கிளினிக்கில் எம்.சி. சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த, அந்த வருடம் ஆலை தந்த சப்பாத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

"மூணு நாளுதான? வலிச்சா கழட்டிடறேன்."

"வலிச்சாத்தான! ஒங்களுக்குத்தான் வலிக்காதே!" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

திங்களும் செவ்வாயும் நான் போனை வைக்கவே இல்லை. தம்பியைத் திட்டினேன். அம்மாவைத் திட்டினேன். "போவட்டும் விடு, ஒரு சப்பாத்துக்காகவா இம்புட்டு?" என்று பூசி மெழுக வந்த சின்னம்மாவையும் விடவில்லை. லாரி எடுத்ததிலிருந்து ஆரம்பித்து, சின்ன வயதில் அவன் என் சைக்கிளை உடைத்ததுவரை போனேன். சாயங்காலம் இவர் வேலை விட்டு வந்து, குளித்து, சாக்ஸ் மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது என் காதில் போன் இருந்தது. காலைக் காட்டுங்கள் என்று கையால் சைகை செய்தேன். "நானே பாத்துட்டேன், ஒண்ணுமில்ல" என்று அவரும் சைகையிலேயே சொன்னார். நான் விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லாரி எங்கள் தெருவில் வந்து நின்றது. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும். பின்னால், நம்பர் பிளேட்டுக்குக் கீழே, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது வலது கால் சப்பாத்து. குதிகாலுக்கு மேலே இரண்டு ஓட்டை போட்டுக் கம்பி கோத்திருந்தான். மழையும் சேறும் டீசலும் குடித்துத் தோல் வீங்கிப் போயிருந்தது. புது அடி மட்டும் தேயாமல் கறுப்பாக மின்னியது. கத்தியை எடுத்துப் போய்க் கம்பி முறுக்கை நெம்பி நானே கழற்றினேன். கம்பி கையைக் கிழித்ததுகூடத் தெரியவில்லை.

"கண்ணு என்ன, குருடா? இது பழைய சப்பாத்தாடா?"

"நீதானக்கா எடுத்துக்கன்னு சொன்ன?"

"ரப்பர் சப்பாத்த சொன்னேன்டா, மடையா!"

"ரப்பரெல்லாம் வேலைக்காவாது, தோலாத்தான் இருக்கணும்னாங்க. நீ வாசல்லன்னுதான சொன்ன? ரப்பருன்னு எங்க சொன்ன?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் இன்னும் உரக்கக் கத்தினேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டார். இவர் உள்ளேயிருந்து வெறுங்காலோடு இறங்கி வந்தார். "விடு லா. பையன் தெரியாம செஞ்சிட்டான். வா மச்சான், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவ" என்று அவன் தோளில் கை போட்டார்.

அவர் நடந்து வந்த சிமென்ட் தரையில் வலது கால் பட்ட இடமெல்லாம் ஈரமாக இருந்தது. குளித்த ஈரம் என்று நினைத்தேன். இடது கால் பட்ட இடம் காய்ந்திருந்தது.

அந்த இடத்திலேயே அவரை உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். நான்காவது விரலின் ஓரத்தில், விறைத்த சப்பாத்து அழுத்திய இடத்தில், கொப்புளம் உடைந்து தோல் உரிந்து, சுற்றிலும் கறுத்திருந்தது. என் தம்பிதான் லாரியிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் அவர் காலை ஒரு துண்டால் சுற்றிப் பிடித்திருந்தேன். என் ரத்தமும் அவர் ரத்தமும் ஒரே துண்டில் இருந்தது.

மருந்து போட்டுப் பார்த்தார்கள், ஊசி போட்டுப் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து நான்காவது விரலையும் எடுத்தார்கள்.

எடுத்த மறுநாள் அம்மாவும் தம்பியும் வார்டுக்கு வந்தார்கள். அவன் கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அம்மாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "என்ன இருந்தாலும் அந்தச் சப்பாத்து ராசியானதுதான். இந்த ரெண்டு வாரத்துல லாரிக்கு ஒரு கீறல் இல்ல. அவ்வளவு கண்ணும் அதோட போச்சு" என்றாள்.

"எங்க போச்சும்மா?" என்றேன். "போன கண்ணு எங்க போய் விழுந்துச்சு? போர்வையத் தூக்கிப் பாரு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. மிஸ்ஸி ஓடி வந்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தம்பி கொண்டுவந்த ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனான். எனக்கு இன்னும் ஆறவில்லை. இவரிடம் திரும்பினேன்.

"நீங்களும்தான்! மூணு நாளு! காலப் பாத்தேன், ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே, என்னத்தப் பாத்தீங்க?"

அவர் போர்வையை இழுத்துக் காலை மூடினார்.

"திங்கக்கெழமையே சாக்ஸ்ல ரத்தம் இருந்துச்சு. குளிக்கிறப்ப அலசிப் போட்டுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீ போன்ல கத்திக்கிட்டு இருந்த" என்றார். குரலில் கோபமே இல்லை. "இத வேற சொன்னா, ஒன் தம்பிய அன்னியோட தல முழுகிருப்ப. அவன் வந்து சப்பாத்தக் குடுத்துட்டா நீ ஆறிருவ, அப்புறம் காட்டலாம்னு இருந்தேன்."

யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. கட்டிலைச் சுற்றிப் பார்த்தேன், என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.