சலீம் பாயின் ஜும்மா டெஸ்ட்

சலீம் பாய் இறந்துவிட்டார். முந்தாநாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்... ஹார்ட். வயது நாற்பத்தெட்டுதான்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் மிக்ஸி மோட்டாரையும் ரோபோ சாமானையும் ஒரே ஷெல்ஃபில் அடுக்கி விற்ற பாய் என்றால், இந்தப் பக்கம் ப்ராஜெக்ட் செய்த பாதிப் பேருக்குத் தெரியும். சர்வோ கேட்டால் உடனே தரமாட்டார். எனக்கும் அவருக்கும் நான்கு வருடமாக அதுதான் சண்டை.

தெரியாதவர்களுக்கு: சர்வோ என்பது சொன்ன கோணத்துக்குத் திரும்பி அங்கேயே பிடித்து நிற்கிற குட்டி மோட்டார். ரோபோவின் தோள், முழங்கை எல்லாம் அதுதான். லேபிளில் இருபத்தைந்து கிலோ என்று போட்டிருப்பான்; அது ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு, பத்து சென்டிமீட்டரில் இரண்டரை கிலோதான். அதை அப்படியே நம்பினால் தப்பு உங்களுடையது.

பாய் லேபிளைப் படிக்கவே மாட்டார். மோட்டாரை மேஜைப் பிடியான வைஸில் இறுக்கி, பத்து சென்டிமீட்டர் இரும்புப் பட்டையைப் படுக்கையாக மாட்டி, நுனியில் பக்கத்துக் கறிக்கடை ரபீக் அண்ணனின் ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிடுவார். கரண்ட் கொடுத்துவிட்டு லுஹர், அதாவது மதியத் தொழுகைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது கல் இறங்கியிருக்கக் கூடாது, மோட்டார் கையைச் சுடக்கூடாது. அப்புறம்தான் விற்பனை.

"எல்லாம் டேட்டாஷீட்ல போட்டுகீது பாய். குடுங்க, பஸ்ஸ வுட்டுடுவேன்."

"டேட்டாஷீட்டு எழுதுனவன் வந்து உன் ரோபோவத் தூக்கிப் புடிப்பானா? குந்து. நாஸ்தா துன்னியா?"

மாமல்லபுரம் கடற்கரையில் குப்பை பொறுக்க ஒரு வண்டி செய்தேன். ஒரே நாளில் ஸ்டியரிங் சர்வோ இறுகிப்போனது. பாய் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மேஜை மேல் கவிழ்த்தார். மணல் கொட்டியது.

"குப்பைய வுட்டுட்டு பீச்சையே பொறுக்கினு வந்துட்டியே நைனா."

இதை ஒரு மாதம், கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். சர்வோ நடுங்கினால் மோட்டார் மேல்தான் பழி போடுவார். ஒருநாள் அவருடைய பழைய அடாப்டரைப் பிடுங்கிவிட்டு ஐந்து ஆம்பியர் சப்ளை மாட்டினேன். நடுக்கம் போய்விட்டது. கரண்ட் பற்றாமல்தான் ஆடியிருக்கிறது. "ஓரளவுக்குப் படிச்சிதான் கீற" என்றார். என் காலேஜ் சர்டிஃபிகேட்டை விட அது மேல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அணுபுரத்தில் இருக்கும் என் நண்பன் குமரேசனுக்கு பைக் விபத்துக்குப் பிறகு இரண்டு கையும் தூக்க வராது. மூன்று வேளையும் அவன் அம்மாதான் ஊட்டுகிறார்கள். அவனுக்கு முப்பது வயது... அதைப் பற்றி அவன் பேசமாட்டான். ஸ்பூனை வாய்வரை கொண்டுவரும் கை ஒன்று செய்து தருகிறேன் என்று சொன்னேன். மூன்று சர்வோ. தோள், முழங்கை, மணிக்கட்டு.

எனக்கு அவசரம். பாயிடம் போகாமல் ஆன்லைனில் வாங்கினேன். 'மெட்டல் கியர்' என்றுதான் போட்டிருந்தது. முதல் நாளே ரசம் சாதத்தோடு அந்தக் கை பாதி வழியில் தொப்பென்று விழுந்தது. பிரித்துப் பார்த்தால் பித்தளைச் சக்கரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் பிளாஸ்டிக். பல் உதிர்ந்து கிடந்தது.

குமரேசன் மடியெல்லாம் ரசம். நல்ல வேளை, ஆறின ரசம்.

"அடுத்த வாட்டி ஷாம்பூ போட்டு ஊத்து மச்சான், தல குளிச்சிக்கறேன்" என்று சிரித்தான். அவன் அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நக்கலுக்குத் தயாராகத்தான் போனேன். அவர் நக்கல் செய்யவில்லை.

"ஊட்டி வுடுற கையா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" எடைக்கல்லைக் கையில் எடுத்தார். "இதுக்கு லுஹர் பத்தாது. ஜும்மா போடணும்."

வெள்ளிக்கிழமை பயான் என்கிற பிரசங்கம், தொழுகை எல்லாம் சேர்ந்தால் லுஹரைப் போல மூன்று மடங்கு நேரம். வைஸ் ஒன்று, கல் ஒன்று. ஆக மூன்று மோட்டாருக்கு மூன்று வெள்ளி. எனக்கு எப்படி எரிந்திருக்கும் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கத்தினேன். டீ வாங்கித் தந்தார்.

முதல் வெள்ளி, தோள் பாஸ். இரண்டாவது வெள்ளி, முழங்கை பாஸ். மூன்றாவது வெள்ளி பகலில் போன் செய்தேன்.

"தொங்க வுட்டுட்டேன். தொழுவப் போய்கினு கீறேன். பறக்காத, சாயங்காலமா வா."

அதோடு சரி.

நேற்று காலை அடக்கம் முடிந்து திரும்பும்போது ரபீக் அண்ணன் என் கையைப் பிடித்தார். "வா, கடையத் தொறக்கறேன். என் கல்லு உன் மோட்டார்லதான் கீது."

ஷட்டரைத் தூக்கினார். சப்ளையின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ராத்திரி முழுக்க கரண்ட் போகவில்லை, எங்கள் ஊரில் அதுவே அதிசயம். பட்டை படுக்கையாக நின்றது, நுனியில் கல். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். சூடுதான்... ஆனால் கையை எடுக்க வைக்கிற சூடு இல்லை.

"இன்னா, எறங்கலியா?" என்றார் ரபீக் அண்ணன்.

"எறங்கல."

கல்லைக் கழற்றி, துண்டால் துடைத்து, கொண்டுபோனார்.

இன்று மதியம் அணுபுரத்தில் சாம்பார் சாதம். ஒரு ஸ்பூன்கூடக் கீழே சிந்தவில்லை. குமரேசனின் அம்மா கொஞ்ச நேரம் துணியோடு பக்கத்திலேயே நின்றார்கள். பிறகு தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்தது இன்றுதான்.

"பாய் இருந்தா இன்னா மச்சான் சொல்லியிருப்பாரு?" என்று குமரேசன் கேட்டான்.

"இன்னும் ஒரு ஜும்மா ஓட்டிப் பார்க்கலாம்னு சொல்லியிருப்பாரு."

போயிட்டு வாங்க பாய். கல்லு எறங்கல.