எல்லோருக்கும் வியாழக்கிழமை

இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் இலங்கை ஆட்களில் பெரும்பாலானோருக்கு வீட்டு வேலை. வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. இந்த எளிய விதியை மறந்து தொடங்கப்பட்டதுதான் எங்கள் தேவாலயப் பங்கின் பிள்ளைகள் பராமரிப்புக் குழு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சீசா என்னும் பகுதியில் முதலாம் மாடியில் குடியிருந்தோம். அம்மாவுக்கு பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா, அதாவது எசமானியம்மா, வீட்டில் வேலை. அப்பாவுக்கு ஓர் உணவகத்தின் சமையலறையில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் தம்பியும் கழுத்தில் தொங்கிய வீட்டுத் திறப்பும்தான். இது எப்படியோ வெளியே தெரிந்து, நகராட்சியின் சமூகசேவகி வந்தாள். பின்னேரங்களில் பொறுப்பான பெரியவர் ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால், எங்கள் இருவரையும் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் சேர்க்கவேண்டியிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்று வீட்டில் உலை வைக்கவில்லை.

பங்குத்தந்தை கூட்டம் கூட்டினார். தொண்டர்கள் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்பதில் எங்கள் சனம் குறை வைப்பதில்லை. எந்த நாள் வசதி என்று கேட்டதும் மண்டபமே ஒரே குரலில் வியாழன் என்றது. ஆகவே வியாழக்கிழமைகளில் எங்கள் இரண்டு பேரையும் பாதுகாக்க ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவர் எனக்குத் தலை வாரினார், ஒருவர் கணக்குச் சொல்லித் தந்தார், மற்றவர்கள் ரோல்ஸ் பொரித்தார்கள். ஏனைய நாட்களில் சுவரிலிருந்த அந்தோனியார் பார்த்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் வருவதாகச் சமூகசேவகி அறிவித்தாள். அறிவித்துவிட்டுச் செய்யும் சோதனை சோதனையல்ல, விருந்து. பின்னாளில் அதே வேலையைப் பார்த்து, முதுகுவலியால் வேளைக்கே ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆனால் செவ்வாயன்று விருந்துக்கும் ஆளில்லை.

"என்ர சிஞ்ஞோரா விடமாட்டா."

"எனக்கும் ஏலாது அக்கா. வியாழன் எண்டால் முதல் ஆளாய் வந்து நிப்பன்."

கடைசியில், அடுத்த தெருவில் ஓர் இத்தாலியக் கிழவியைப் பராமரித்துவந்த மன்னார் மாமிதான் வாயைத் திறந்தார். "நான் வாறன்."

"அந்த மனிசியை என்ன செய்வீர்?" என்று அம்மா கேட்டாள்.

"அவவையும் கூட்டிக்கொண்டு வாறன்."

சொன்னபடியே செய்தார். மாமியின் தோளில் தொங்கியபடி, படிக்கொரு புனிதரைத் திட்டிக்கொண்டு கிழவி ஏறி வந்தாள். எங்கள் நல்ல கதிரையில் உட்கார்ந்தாள். தம்பியின் மூக்கைத் துடைத்தாள். என் கொப்பியைப் புரட்டி, கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது என்றாள். சமூகசேவகி உள்ளே வந்தபோது மாமி கதிரைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்.

"இங்கே பொறுப்பானவர் யார்?"

"நான்தான்," என்றாள் கிழவி. வீட்டில் சுவரைப் பார்த்துச் சலித்திருந்தவள் அவள். "நாள்தோறும் வருவேன். பார்த்தால் தெரியவில்லையா? உதவிக்கு ஆள்கூட வைத்திருக்கிறேன்!"

சமூகசேவகி மாமியைப் பார்த்தாள், கிழவியைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கினாள். கிழவியின் மகன் சம்பளம் கொடுக்க, மாமி எங்களைப் பார்த்துக்கொள்வதற்கு விதிமுறையில் எந்தத் தடையும் இல்லை. பிறகு நானே தேடிப் பார்த்திருக்கிறேன்.

மாமி ரோல்ஸ் தட்டை நீட்டினார். "இன்னொன்று எடு பெண்ணே, எலும்பும் தோலுமாய் இருக்கிறாய்," என்று கிழவி அரசாங்கத்தையே அதட்டினாள். அரசாங்கம் இன்னொன்று எடுத்தது. பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கலாம் என்றும் சொன்னது. தம்பி கதிரையைச் சுற்றி ஓடினான். "டேய், விழப்போறாய்!" என்று மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

புறப்படும்போது சமூகசேவகி மாமியிடம் கேட்டாள்: "உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?"

மாமி இரண்டு விரலைக் காட்டினார். எங்கே என்று கேட்டதற்கு, சன்னல் பக்கமாக, கடல் இருந்த திசையில் கையை நீட்டினார். சமூகசேவகி அந்தக் கையைப் பிடித்து அழுத்தினாள்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. விளையாட இன்னும் இரண்டு பேர்! சன்னலுக்கு ஓடித் தெருவை எட்டிப் பார்த்தேன்.

"மாமி, எங்கை நிக்கினம்? ஒருத்தரையும் காணேல்லையே!"