மல்லிகா வீட்டு முனையில் நின்ற வேன்

போன வாரம் மருமகனின் புதுக் காரில் பெருமுக்கல்லுக்குக் கிளம்பினோம். மரக்காணத்தைத் தாண்டுவதற்குள் ஆடுகள் குறுக்கே வந்தன. மருமகன் பிரேக்கை அழுத்த, இஞ்சின் சட்டென்று அடங்கிவிட்டது. "நின்னுடுச்சு! பானட்டைத் தெறங்க" என்று நான் இறங்கியே விட்டேன். அவர் சிரித்தார். "மாமா, நின்னா அதுவே ஆஃப் ஆவும். பிரேக்ல இருந்து கால எடுத்தா தானா ஸ்டார்ட் ஆயிடும்." முப்பது வருஷம் ஒர்க் ஷாப் நடத்தி மூடியவனுக்கு இது தேவைதான்.

இறங்கிய இடத்தில் உப்பளத்து ஈரச் சாக்கு வாடை. அந்த வாடை வந்தால் எனக்குச் செல்வி அக்கா ஞாபகம் வந்துவிடும்.

அப்போதெல்லாம் விடியற்காலையில் உப்பளத்துப் பெண்களை ஏற்றிப்போகும் ஆம்னி வேன் அக்காவுடையது, ஓட்டுவதும் அவரே. நான் சென்னையில் வேலை கற்றுக்கொண்டு வந்து கடை போட்ட புதுசு. தலைக்கனத்துக்குக் குறைவில்லை. இந்த ஊரில் டயர் பஞ்சரானாலும் உப்பின்மேல்தான் பழி போடுவார்கள். எரிச்சலில், "இங்கே உப்பைப் பற்றிப் பேசக் கூடாது" என்று கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்திருந்தேன்.

அக்காவின் வேன் ஓடும்போது ஓடுமாம், நின்றால் உதறி அணைந்துவிடுமாம். ஆனால் பத்து மணிக்குக் கடைக்கு வரும்போது நின்றபடியே சீராக ஓடும், அதன்மேல் டீ கிளாஸை வைத்தாலும் தளும்பாது. இருந்தும் மூன்று தடவை கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன்.

"ஒங்கிட்ட வந்தா நல்ல புள்ளையா இருக்குது தம்பி" என்றார் அக்கா. "கடைசி ஸ்டாப்பு மல்லிகா வீடு. படுத்த படுக்கையா கெடக்குற புருஷனுக்கு கஞ்சி குடுத்துட்டு அவ வர்றதுக்குள்ள, ஆக்சிலேட்டரை மிதிச்சிக்கினே இருந்தாலும் செத்துப்போவுது. தள்ளித் தள்ளி மத்தவங்களுக்கு வெறுத்துப்போச்சு. திங்கக்கெழமையில இருந்து அங்க நிக்கக் கூடாதுன்றாங்க. அப்புறம் அவ எப்படி வேலைக்கு வருவா?" கொஞ்சம் தயங்கி, "உப்பா இருக்குமோ?" என்றார். நான் சுவரைக் காட்டினேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை விடியும் முன் நானும் வேனில் ஏறிக்கொண்டேன். மல்லிகா வீட்டு முனையில் வண்டி நின்றது, உதறியது, அணைந்தது. "மெக்கானிக் ஏறின ராசி" என்றது பின்சீட்டு.

ஆம்னிக்கு இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி டார்ச் அடித்தேன். ஒன்றும் புலப்படவில்லை. அக்காவை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து என் டார்ச்சும் அணைந்தது. அந்த இருட்டில்தான் பார்த்தேன், பிளக் ஒயர்களின் மேல் நீலப் பொட்டுகள் துள்ளின. பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் வழியிலேயே கசிகிறது! இஞ்சினை நிறுத்தி ஒயரைத் தடவினேன். பிசுபிசுப்பு. விரலை நாக்கில் வைத்தேன். பெண்களின் சேலையிலிருந்தும் காலிலிருந்தும் உதிர்ந்த தூள், சீட்டு இடுக்கில் இறங்கி, ஒயர்மேல் படிந்து, ராத்திரிப் பனியைக் குடித்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் காய்ந்துவிடும். நான் பார்த்ததெல்லாம் காய்ந்த வண்டியைத்தான்.

"என்னா தம்பி?"

"உப்புதாங்க்கா."

வேன் குலுங்கச் சிரித்தார்கள். எனக்கு வெட்கம்தான், ஆனால் அதைவிடச் சந்தோஷம். ஒயர்களைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லி, "இப்ப கால எடுங்க" என்றேன். அக்கா நம்பாமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தார். இஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து மல்லிகா வந்தாள், ஓடாமல், நடந்து.

"சத்தம் நிக்கவேயில்லக்கா. நிக்கிறீங்கன்னு தெரிஞ்சுது. அதான் முழுக் கஞ்சியும் குடுத்துட்டு வந்தேன்."

அன்றைக்கே சுவரைத் துடைத்தேன். ஒயர்களை மாற்றி மேலே ரப்பர் ஷீட் போட்டுக் கொடுத்தேன். மல்லிகா அதே வேனில் பல வருஷம் போனாள். இப்போது அந்த வேனும் இல்லை, செல்வி அக்காவும் இல்லை.

மருமகன் காலை எடுத்தார், கார் தானாகக் கிளம்பியது. வழியில் மல்லிகா வீட்டு முனையில் இன்னொரு புதுக் கார் யாருக்காகவோ சத்தமே இல்லாமல் நின்றிருந்தது. ஓட்டுபவர் போனில் கத்திக்கொண்டிருந்தார், "எவ்ளோ நேரமா நிக்கிறேன், தெரியலயா?"