பென்சிலில் எழுதிய பட்ஜெட்

பெரியப்பா மகள் என்னைவிட மூன்று மாதம்தான் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. அதையே பொறுக்காத எனக்கு, அவள் வாயிலிருந்து பட்ஜெட் என்ற சொல் வந்தபோது வயிறு எரிந்தது. ரெட்டிபாளையத்தில் அவர்கள் குடியிருந்த காலனித் தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். வாங்கலாமா என்று கேட்டேன். “இந்த மாசம் பட்ஜெட்ல ஐஸ் இல்லடி” என்றாள். இல்லை என்பதைக்கூட அத்தனை பெருமையாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. ஆண்டிமடம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் முந்திரிக்காடு இருந்தது. எதைக் கேட்டாலும் அப்பா, “கொட்ட வித்ததும் பாப்பம்” என்பார். என் பாவாடையும் அம்மாவின் பல்வலியும் கொட்டை விற்கும் நாளுக்காகக் காத்துக் கிடக்கும். அந்த வருடம் பனியில் பூவெல்லாம் கருகி, காடு கைவிட்டுவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் என்னைக் கொண்டுவந்து பெரியப்பா வீட்டில் விட்டார்கள். லீவுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

பெரியப்பாவுக்கு சிமெண்டு ஃபாக்டரியில் வேலை, மாதச் சம்பளம். ரேடியோவில் டில்லி பட்ஜெட் செய்தி கேட்டுக் கேட்டு, நம் வீட்டுக்கும் ஒன்று போட்டால் என்ன என்று ஆரம்பித்தவர். சம்பளத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து வந்ததும், பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு உட்காருவார். ஆளாளுக்கு வேண்டியதைச் சொல்ல, பென்சிலால் எழுதிக்கொள்வார். விளக்கு வைக்கும் வரை மாற்றலாம். அதற்குப் பிறகு பேனாவால் மேலே எழுதி, சோற்றுப் பசை தடவி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுவார். பேனா பட்டபின் பெரியம்மா சொன்னாலும் மாறாது.

அலமாரியில் போன மாதத் தாள் இருந்தது. அதில் ரிப்பன் என்று எழுதியிருந்தது, அக்கா தலையில் ரிப்பன் இருந்தது. குடை என்று எழுதியிருந்தது, ஆணியில் புதுக் குடை தொங்கியது. ஆக, எழுதினால் வரும் தாள் அது என்று முடிவுகட்டிக்கொண்டேன். இப்படி ஒரு தாளை வீட்டில் வைத்துக்கொண்டு இவள் ஏன் ஐஸ் எழுதாமல் விட்டாள் என்றுதான் புரியவில்லை. புதுத் தாளில் பெரியப்பா வேறெதையும் எழுதும் முன்பே அடியில் ஒரு தொகையை எழுதி வட்டம் போடுவதை நானும் பார்த்தேன். புத்தகத்தில் பக்க எண் போடுவது மாதிரி ஏதோ என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வார் வைத்த செருப்பு கேட்டாள். அவள் பெயரைப் போட்டு, செருப்பு என்று எழுதினார். கடைசி வரியாக, பெரியம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி. பெரியம்மா காலனிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொடுப்பார். அரியலூர் டாக்டர் கண்ணாடி போடச் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிறகு பெரியப்பா என் பக்கம் திரும்பி, “ஒனக்கு என்னம்மா வேணும்?” என்றார். போன இடத்தில் எதையும் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு வரதராஜன்பேட்டைக்கு நடக்க வேண்டும். என் பழைய செருப்பு அறுந்து போய் மாதக்கணக்காகிவிட்டது.

மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தார்கள். தாளும் பென்சிலும் மேசைமேலேயே இருந்தன. பென்சிலின் நுனியில் இருந்த ரப்பரால் அக்கா பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். எனக்கென்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கலாம். அது தோன்றாமல் இல்லை. அப்படிச் செய்தால் அவளுக்கும் செருப்பு வந்துவிடும், அதுதான் பிடிக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெரியப்பா பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். பாதித் தாளில் அவர் கை நின்றது. எட்டிப் பார்த்த அக்கா, “எம் பேரக் காணும்ப்பா” என்று அழ ஆரம்பித்தாள். ஐந்தாம் வகுப்புக் குண்டு எழுத்தில் என் பெயர் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

“நாந்தாங்க எழுதச் சொன்னேன்” என்றார் பெரியம்மா. “புள்ள பேட்டைக்கு நடந்து போவணும்ல.”

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. “அப்ப இவளுக்கு?”

“அதயும் எழுதுங்க.”

“எழுதலாம். எத அழிக்கிறது?”

பெரியம்மா பென்சிலை எடுத்தார். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்து, கடைசி வரியைத் தானே அழித்தார். “இத அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

“போன மாசமும் இதத்தான் சொன்ன” என்றார் பெரியப்பா. பிறகு பேனாவால் எழுதத் தொடங்கினார். நான் என் பெயர்மேல் மை ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பளம் வந்ததும் அரியலூர் கடையில் இரண்டு ஜோடி வாங்கினார்கள். ஒரே மாதிரி, ஒரே பழுப்பு நிறம். அவளுக்கும் அதே மாதிரி வாங்கியதில் என் சந்தோஷம் பாதி போய்விட்டது.

மிச்ச லீவு முழுக்க, பெரியம்மா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். நூல் நாலு தடவை தவறும். பிறகு, “கண்ணு, இதக் கொஞ்சம் கோத்துக் குடேன்” என்று என்னைக் கூப்பிடுவார். அக்கா பக்கத்திலேயேதான் இருப்பாள். ஆனாலும் என்னைத்தான் கூப்பிடுவார். நான் ஓடிப்போய் நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்கி, ஒரே தடவையில் கோத்துக் கொடுத்துவிட்டு, அக்கா முகத்தைத் திரும்பிப் பார்ப்பேன். செருப்பில் அவளுக்குச் சமமாகப் போய்விட்டது, இதிலாவது அவளை ஜெயித்துவிட்டேன் என்று ஊருக்குத் திரும்பும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.