அப்பாவின் குரலுக்கு உரிமையாளர்

உப்பளம் கல்லறையில் அப்பாவின் பெட்டி குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது, பிரான்ஸில் என் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்த போனில் படம் நின்றுபோனது. நிறுத்தியது ஓர் எந்திரம். காரணம், அப்பாவின் குரல். அந்தக் குரல் வேறொருவரின் சொத்து என்று அது முடிவு செய்திருந்தது.

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரித்துவிடுகிறார்கள். சேதராப்பட்டில் நான் வேலை செய்யும் அட்டைப்பெட்டிக் கம்பெனியில், பக்கத்து மேஜைக்காரர் வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டார். "பொணத்துக்குக் கூடவா காப்பிரைட்டு?" என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் நாள் முழுக்க அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருந்தார். கடுமையான மனிதர். என்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. அம்மா செத்த அன்றைக்குக்கூட, "அழுவுறத நிறுத்திட்டுப் போய் நாற்காலி வாங்கியா" என்றுதான் சொன்னார். ஆனால் வருடத்துக்கு ஒரு நாள், பெரிய வெள்ளிக்கிழமை மதியம், எங்கள் கோயிலில் வியாகுலப் புலம்பல் பாடுவார். செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு மாதா அழுகிற பாட்டு. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. ஊரில் வழிவழியாகப் பாடுகிறார்கள். வீட்டில் யாருக்கும் காட்டாத எதையோ அந்தப் பாட்டில் அவர் காட்டுவார். அதைக் கேட்கும்போது எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். எங்களுக்குக் கொடுக்காததை ஊருக்கே கொடுக்கிறாரே என்று.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தவக்காலத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் மைக்கோடு வந்தார். தென்னிந்தியப் பாட்டுகளைப் பதிவு செய்கிற ஆராய்ச்சிக்காரர் என்றார்கள். அப்பாவைக் கோயிலுக்குள் நிறுத்தி, மின்விசிறியையெல்லாம் அணைக்கச் சொல்லி, வேர்வை ஊற்ற ஊற்றத் திரும்பத் திரும்பப் பாட வைத்தார். பிறகு ஒரு சிடி தபாலில் வந்தது. அப்பா ஒரு தடவை கேட்டார். "சளி கட்டியிருக்குது. இத எதுக்கு அனுப்புனான்?" என்று அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். நான்தான் அதை எடுத்து என் போனில் ஏற்றி வைத்திருந்தேன்.

அண்ணன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து அங்கே போனவன். ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அம்மா போன பிறகு அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகத் துடித்தான். எல்லா ஏற்பாடும் செய்தான். அப்பா வர மறுத்துவிட்டார். "அங்க வந்து செவுத்தோடவா பேசுவேன்?" என்றார். அண்ணனோ நான்தான் தடுத்தேன் என்று நம்பினான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, தனியாகிவிடுவேன் என்று பயந்து அப்பாவைப் பிடித்து வைத்துக்கொண்டேன் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னான். அதற்குப் பிறகு நாங்கள் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும்தான் பேசிக்கொண்டோம்.

அப்பா காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோதே தலை சாய்ந்துவிட்டார். நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். விமானம் ஏற டாக்டர் விடமாட்டார்.

"கோயில் சேனல்ல நேரலை போடுவாங்க இல்ல?" என்று கேட்டான்.

"போடச் சொல்றேண்ணே."

"பூச எல்லாம் வேணாம். பெட்டி எறக்குறதயும் மண்ணு போடுறதயும் மட்டும் காட்டு. அப்ப நானும் இங்கேருந்து ஒரு கைப்பிடி போட்ட மாதிரி இருக்கும். அது போதும் எனக்கு."

எங்கள் பங்குக் கோயிலுக்கு ஒரு வீடியோ சேனல் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை அதில் போகும். பாதிப் பார்வையாளர்கள் பிரான்ஸில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள்தான். அதைப் படமெடுக்கும் ஸ்டுடியோக்காரர் கேமராவோடு கல்லறைக்கு வந்தார். பெட்டியை இறக்கும்போது அப்பாவின் குரலே ஒலிக்கட்டும் என்று நான் நினைத்தேன். ஃபாதரிடம் கேட்டேன். "நல்லதும்மா, போடு" என்றார்.

ஸ்பீக்கரைக் குழியின் ஓரத்தில் வைத்தேன். அப்பா பாட ஆரம்பித்தார். கூட்டம் அப்படியே நின்றது. வெட்டியான்கள் கயிற்றைத் தளர்த்தினார்கள். பெட்டி பாதி இறங்கியிருக்கும், ஸ்டுடியோக்காரர் கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, நேரலை நின்னுபோச்சு. வேற ஒருத்தருக்குச் சொந்தமான ஆடியோன்னு வருது."

"எந்த ஆடியோ?"

அவர் ஸ்பீக்கரைக் காட்டினார்.

"திரும்பப் போடுங்க."

"முடியலக்கா. லாக் ஆயிடுச்சு."

பெட்டி தரையைத் தொட்ட சத்தம் கேட்டது. கயிறுகளை உருவினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், முதல் மண் நான்தான் போட வேண்டும். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணியின் நம்பர். கை முழுக்க மண். அதைக் குழிக்குள் போட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் போட்டார்கள். அப்பாவின் குரல் மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கையைக் கழுவிவிட்டுக் கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தார்.

"ஆஸ்பத்திரி நாற்காலில ஊசியோட உக்காந்து பாத்துட்டு இருந்தாரு. மொன் தியே, கடவுளே, படம் அப்படியே கறுப்பா ஆயிடுச்சு. கத்திட்டாரு. நர்ஸெல்லாம் ஓடியாந்தாங்க."

பிறகு அண்ணன் வாங்கினான். குரல் சன்னமாக இருந்தது.

"நீ அப்பவும் அவர விடல. இப்பவும் விடல."

"நான் நிறுத்தலண்ணே. பாட்டுக்கு உரிமைன்னு..."

"அப்பா பாட்டுக்கா? அப்பாவுக்கே உரிமை இல்லன்னு சொல்லப் போறியா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

வைத்துவிட்டான். நியாயம்தான். நானே அவன் இடத்தில் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் ஸ்டுடியோக்காரரும் நானும் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தோம். நான் பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு நாட்டுக் கம்பெனி, உலகப் புலம்பல்கள் என்ற மாதிரித் தலைப்பில் ஓர் ஆல்பம் விற்கிறது. அதில் அப்பாவின் பாட்டும் இருந்தது. அந்த ஆராய்ச்சிக்காரரிடமிருந்து அது எப்படி இவர்கள் கைக்குப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை. கீழே பாடியவர் விவரம் இருந்தது: பெயர் தெரியாத பாடகர், தென்னிந்தியா.

அந்த வரியை ஸ்டுடியோக்காரர் வாய்விட்டுப் படித்தார். பிறகு, "உங்க அப்பா கோயில் படியில நின்னு என்னப் பேர் சொல்லியே திட்டியிருக்காருக்கா. எங்க தெருவுல அவர் பேரு தெரியாதவனே கெடையாது" என்றார்.

ஆட்சேபம் தெரிவிக்க வழி இருந்தது. ஆனால் சேனல் ஃபாதர் பெயரில் இருப்பதால் அவர்தான் தெரிவிக்க வேண்டும். பெயர், விலாசம், அதோடு ஒரு வெளிநாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் அங்கே கட்டுப்படுகிறேன் என்ற சம்மதம், எல்லாம் கொடுக்கவேண்டும். ஃபாதர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏற்கெனவே நம்ம மேல ஒரு புகார் ஏறிடுச்சும்மா. இன்னும் ரெண்டு ஏறினா சேனலையே மூடிடுவானாம். எத்தன வருஷத்துப் பூச, பிள்ளைங்க புதுநன்மை, கல்யாணம் அதுல இருக்குது. உங்க அப்பா ஒருத்தருக்காக..."

"அவர் முப்பது வருஷம் இந்தக் கோயில்ல பாடுனவரு ஃபாதர்."

"தெரியும்மா. செபம் பண்ணிக்கோ" என்றார்.

கம்பெனியில் எங்கள் கணக்கர் ஒரு வக்கீலின் எண்ணைக் கொடுத்தார். அந்த வக்கீல் இணையச் சுதந்திரத்துக்காக இயங்கும் ஒரு சின்னக் குழுவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் இருக்கிறது, வாருங்கள் என்றார். நாடுகள் வியாபார ஒப்பந்தம் போடும்போது காப்புரிமையை எப்படி நுழைக்கிறார்கள், கதவைச் சாத்திவிட்டுப் பேசிக் கையெழுத்துப் போடுவதை மக்கள் ஏன் எதிர்க்கவேண்டும் என்றெல்லாம் அங்கே பேசப்போகிறார்கள். "உங்க கத இதுக்கு நேரடி உதாரணம்" என்றார். என் கதை எதற்காவது உதாரணமாக இருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

போனேன். வாசலிலேயே அப்பா இருந்தார். பெரிய பேனரில், பெட்டிக்குள் படுத்திருக்கிற அப்பாவின் முகம், வாயின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. நேரலை நிற்பதற்கு முன்னால் பதிவான வீடியோவிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். அப்பாவின் மூக்கில் வைத்திருந்த பஞ்சு தெளிவாகத் தெரிந்தது.

கூட்டம் நடத்தும் பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கக்கா. உங்களுக்காகத்தான் காத்துட்டு இருக்கோம்."

"இந்தப் படத்த எங்கிட்டக் கேக்கவே இல்லியே."

அவருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "இது பொது விஷயம் ஆயிடுச்சுக்கா. நெட்ல இருந்துதே. நல்ல காரியத்துக்குத்தானே?"

உள்ளே நல்ல விஷயங்கள்தான் பேசினார்கள். எங்கோ ஒரு ஊரில் கையெழுத்தாகிற சட்டம் உப்பளத்துக் கல்லறைக் குழிக்குள் வந்து நிற்கிறது என்று ஒருவர் பேசினார், கைதட்டல் எழுந்தது. முதலில் தண்டனை, பிறகுதான் விசாரணை, அதுவும் அவர்கள் ஊர் நீதிமன்றத்தில் என்று வக்கீல் விளக்கினார். ஒவ்வொரு வார்த்தையும் சரி. எனக்கும் கொஞ்ச நேரம் பேசக் கொடுத்தார்கள். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. எதிரே ப்ரொஜெக்டரிலும் அதே படம். நான் பேசிக்கொண்டிருக்கும்போது முதல் வரிசையில் ஒருவர் போனை எடுத்து அப்பாவையும் என்னையும் சேர்த்துப் படம் பிடித்தார்.

அந்தப் படம் சுற்றியது. இரண்டே நாளில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தது. அண்ணன் கூப்பிட்டான். அடக்கத்துக்குப் பிறகு அவனாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா பொணத்த பேனர் போட்டியா?"

"நான் போடலண்ணே. கேக்காம எடுத்துட்டாங்க."

"எதச் சொன்னாலும் நான் பண்ணல, நான் பண்ணல. பக்கத்துல நின்னு மைக் புடிச்சிட்டு இருக்கிறது யாரு? வேற எவளோவா?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் அண்ணி, "விடுங்க, செ ஃபினி, முடிஞ்சுபோச்சு, உங்களுக்கு பிரஷர் ஏறிடும்" என்பது கேட்டது. பிறகு லைன் அறுந்தது.

ஆனால் அந்தப் படம் சுற்றியதால்தான் காரியமும் நடந்தது. யார் யாரோ அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போய்த் திட்டியிருக்கிறார்கள். சில வாரங்களில் கோயில் சேனலுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நல்லெண்ணத்தின் பேரில் இந்த ஒரு வீடியோவின் மீதான உரிமைக்கோரலைத் திரும்பப் பெறுகிறோம், பதிவின் மீதான உரிமை எங்களிடமே தொடர்கிறது என்று இருந்தது. வருத்தம் என்ற வார்த்தை எங்கும் இல்லை. வக்கீல் இதை வெற்றி என்றார். குழுவில் லட்டு கொடுத்தார்களாம். நான் போகவில்லை.

ஸ்டுடியோக்காரரின் கேமராவில் முழுப் பதிவும் இருந்தது. அதைச் சேனலில் ஏற்றி, இணைப்பை அண்ணனுக்கு அனுப்பினேன். பெட்டி இறங்குவது, மண் போடுவது, எல்லாம் அதில் இருக்கிறது என்று எழுதினேன். படித்துவிட்டான் என்று நீலக் குறி காட்டியது. சாயந்தரம் ஒரு குரல் செய்தி வந்தது.

"அன்னைக்கு நான் அங்க நின்னுட்டு இருந்தேன். நடுவுல என்ன வெளிய தள்ளிட்டீங்க. இது வெறும் வீடியோ. நீயே வச்சிப் பாரு."

கோபம்கூட இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை. நானும் அந்த வீடியோவை இதுவரை பார்த்ததில்லை.

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். வியாகுலப் புலம்பலைப் பாடகர் குழு சேர்ந்து பாடப்போகிறது, ராகம் அதேதான், எந்திரம் மறுபடி பிடித்துவிட்டால் என்ன செய்வது என்றார்.

"இது இவங்க பாடுறது ஃபாதர். அந்தப் பதிவு இல்ல."

"எந்திரத்துக்கு அது தெரியுமா? நம்மால ஒவ்வொரு தடவையும் ஊரக் கூட்டிச் சண்ட போட முடியுமா? அந்தப் பாட்டு வரப்ப மட்டும் சத்தத்த நிறுத்திடலாம். உனக்குத்தான் இதெல்லாம் இப்ப தெரியும். லேப்டாப்ல நீ உக்காரு."

மறுத்திருக்கலாம். மறுத்தால் பாட்டையே எடுத்துவிடுவார் என்று தோன்றியது. உட்கார்ந்தேன்.

கோயில் நிரம்பி வழிந்தது. மதிய வெயிலில் ஜன்னல் கம்பிகள்கூடச் சுட்டன. பாடகர்கள் எழுந்ததும் நான் நேரலையின் சத்தத்தை அணைத்தேன். என்னைச் சுற்றி அந்தப் பாட்டு சுவரெல்லாம் அதிர எழுந்தது. திரையில் வாய்கள் மட்டும் திறந்து மூடின. கிழவர்களும் பெண்களும் கழுத்து நரம்பு புடைக்கச் சத்தமில்லாமல் கத்துவது பார்க்கப் பயமாக இருந்தது.

ஓரத்தில் செய்திகள் வர ஆரம்பித்தன. சத்தம் வரல. ஆடியோ இல்ல ஃபாதர். எங்களுக்கு மட்டும்தான் இப்படியா? கேக்குதா யாருக்காவது? ஒவ்வொரு பெயரும் எனக்குத் தெரிந்த பெயர். பாரீஸ் பக்கத்திலிருந்தும் லியோனிலிருந்தும் எங்கள் தெரு ஆட்கள். நடுவில் அண்ணனின் பெயர் வந்தது. ஒரே ஒரு வார்த்தை.

மறுபடியுமா?

விரல் பொத்தானின் மேல் இருந்தது. ஃபாதர் பீடத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிகிறவரை நான் சத்தத்தைத் திறக்கவில்லை.