துப்பாக்கி வீடு

எங்கள் வீட்டுக்குக் கதவு எண் உண்டு, ஒருவரும் கேட்டதில்லை. சேத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கித் துப்பாக்கி வீடு என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். காட்டுப்பன்றியை விரட்டத் தாத்தா காலத்தில் எடுத்த உரிமம், பிறகு அப்பா பெயருக்கு மாறியிருந்தது. அந்தத் துப்பாக்கி ஒரு பன்றியையும் சுட்டு நான் பார்த்ததில்லை. வானத்தைப் பார்த்து வெடிக்கும். பன்றிகள் மரியாதையாக அடுத்தவர் மக்காச்சோளத்துக்குள் போய்விடும். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. இத்தனைக்கும் சொந்தக்காரியான என்னிடம் பள்ளிக்கூடத்தில் யார் வாலாட்டுவார்கள்?

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே கிணறு. ஒரு நாள் அவர் மோட்டார் ஓடும், மறுநாள் எங்கள் மோட்டார். கரண்ட் இல்லாமல் வீணாய்ப் போன நாள் யாருடைய நாள் என்பதில்தான் எப்போதும் தகராறு. அந்தக் கோடையில் பயிர் வாடியபோது தகராறும் முற்றியது. ஒரு மத்தியானம் வயலிலிருந்து வந்த அப்பா நேராகப் போய்ச் சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தார்.

"இன்னைக்கு அவன் மோட்டார் ரூமுக்குள்ள கால வைக்கட்டும்."

அதுவரை பெரியப்பாவை அண்ணன் என்றுதான் சொல்வார். அம்மா வாசலை மறித்து நின்றாள். நகரவே இல்லை. அப்பா கத்தி ஓய்ந்து துப்பாக்கியைப் பழைய இடத்தில் மாட்டினார். எனக்கோ, என் அப்பா எவ்வளவு பெரிய வீரர் என்று ஒரே பெருமை.

பிறகு தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்களும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், அதுதான் சட்டம். மற்ற தேர்தல்களில் ஸ்டேஷனிலிருந்து இரண்டு மூன்று போன் வந்த பிறகுதான் அப்பா அசைவார். இந்த முறை செய்தியை டிவியில் பார்த்த கையோடு அம்மாவே பழைய போர்வையில் அதைச் சுற்றி, ஆட்டோவையும் கூப்பிட்டுவிட்டாள். சட்டத்தின் மேல் அவளுக்கு இத்தனை பக்தி எப்போது வந்தது என்று அப்பாவே அசந்துபோனார்.

ஓட்டு எண்ணி முடிந்ததும், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அப்பா ஷேவ் செய்து வெள்ளை வேட்டி கட்டினார், பொண்டாட்டியைத் தாய்வீட்டிலிருந்து அழைத்துவரப் போகிறவர் மாதிரி. நிஜப் பொண்டாட்டி தானும் வருவதாகச் சொன்னாள். ஸ்டேஷனில் பொம்பளைக்கு என்ன வேலை என்று அப்பா கேட்கும்போதே அவள் செருப்பை மாட்டியிருந்தாள். நானும் தொற்றிக்கொண்டேன்.

எஸ்.ஐ. துப்பாக்கியை மேஜைமேல் வைத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்பா பேனாவை எடுத்தார். அதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள்.

"சார், இத அவிய கையில குடுக்காதிய. நல்ல மனுசந்தான். கோவம் வந்தா கண்ணு தெரியாது. எங்க வீட்டுல கெணத்துத் தகராறு நடக்கு."

எஸ்.ஐ. அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்குள்ளேயே ஆட்சேபணை என்றால் மேலே எழுத வேண்டியிருக்கும், உரிமமே ரத்தாகலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன். அது வீட்டுக்கு வந்தா நான் இந்தப் பெஞ்ச விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லி, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

எஸ்.ஐ. அப்பாவிடம், உண்மையா என்று மட்டும் கேட்டார். அப்பா இல்லை என்று கத்துவார், அம்மா தொலைந்தாள் என்று நான் காத்திருந்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"இங்கனயே இருக்கட்டும் சார்."

திரும்பும்போது அப்பா பஸ்ஸில் டிரைவர் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் அழுதுகொண்டே வந்தேன். பன்றி வந்து மக்காச்சோளத்தைத் தின்றுவிடுமே, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வேன் என்று அம்மாவைப் பிடுங்கி எடுத்தேன்.

"ஏட்டி, மக்காச்சோளம் போனா மறு வருசம் வெதச்சுக்கிடலாம்" என்றாள்.

பன்றி வரத்தான் செய்தது. பாதி மக்காச்சோளக் காடு போயிற்று. கிணற்றுத் தகராறும் தீரவில்லை, வாயோடு நின்றது.

ஸ்டேஷனுக்குப் போய்வந்த மறுநாள் காலை, பல மாதமாக எங்கள் வாசலை மிதிக்காத பெரியம்மா கொல்லை வழியாக வந்தார். அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள் அம்மா. சொம்பைத் தரையில் ணங்கென்று வைத்தேன். துப்பாக்கி போனது எங்களுக்கு. இவர் எதற்கு இப்படி அழுகிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.